உங்களுக்குத் தெரியுமா? வங்கிக்கூற்றில் வந்த ‘தெரியாத சாப்பாட்டுக்கடை’

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடற்கரைக்குச் சீசன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பொழுதுபட்ட பிறகு மேசை பிடிப்பதே பெரிய பாடு. கடல் குளித்து, புறாத்தீவுக்குப் போய்வந்து, நண்டுக் கறியும் சாப்பிட்டு வீடு திரும்பிய குடும்பம் சில வாரம் கழித்துக் கடனட்டைக் கூற்றைப் பிரிக்கிறது. கேள்விப்படாத ஒரு பெயர். பக்கத்தில் 8,450 ரூபா. “ஆரோ காசை அடிச்சிட்டான்” என்று வங்கிக்குக் கோல் எடுக்கமுன் இந்த வாரத் துணுக்குகளை ஒருதரம் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தக் காசு உங்கள் வயிற்றுக்குள்தான் போயிருக்கும்.

● மொத்தமே 40 இடம்
கார்ட் மெசின் வங்கிக்கு அனுப்பும் செய்தியில் கடையின் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது 40 எழுத்துக்கான இடம். 1987இல் வந்த ஐஎஸ்ஓ 8583 என்ற சர்வதேசத் தரத்தில் இது 43ஆம் கட்டம். வழக்கமான பங்கீடு: பெயருக்கு 25, ஊருக்கு 13, நாட்டுக்கு 2. மாஸ்டர்கார்ட் பெயருக்கு 22 இடமே தருகிறது. இலங்கைக்கு உரிய இரண்டெழுத்து ‘எல்கே’. பலகையில் எவ்வளவு வடிவாகத் தமிழில் எழுதியிருந்தாலும் கூற்றில் அது இங்கிலிஷ் எழுத்தில்தான் வரும், நீளமான பெயரென்றால் வாலறுந்து வரும். ‘கடலுணவு’, ‘குடும்ப உணவகம்’, ‘விருந்தினர் விடுதி’ என்று மூன்று அடைமொழி சேர்த்துப் பெயர் வைத்த முதலாளிமார் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

● ஊர்ப் பெயருக்கு 13 இடம் என்றோம் அல்லவா? திருகோணமலை என்பதற்கு இங்கிலிஷில் 11 எழுத்து, தாராளமாக உட்காரும். தம்பலகாமம் சரியாக 13, இடித்துப்பிடித்து ஏறிவிடும். ‘தம்பலகமுவ’ என்று எழுதினால் 14. கடைசி எழுத்து வெளியே நிற்க வேண்டியதுதான்.

● பலகையில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர்
கூற்றில் விழுவது நீங்கள் பலகையில் பார்த்த பெயராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வங்கி கார்ட் மெசின் கொடுக்கும்போது பதிவுப் பத்திரத்தில் உள்ள பெயரைக் கேட்கும். அந்தப் பெயரே பல இடங்களில் அப்படியே மெசினுக்குள்ளும் போய்விடுகிறது.

பெரிய இடங்களிலும் இந்த இரட்டைப் பெயர் உண்டு. உப்புவெளிக் கடற்கரையில் கிளப் ஓசியானிக் என்று ஒரு ஹோட்டல் இருந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதுவே பின்னர் சாயா புளூ ஆனது, இப்போது டிரிங்கோ புளூ பை சினமன். நடத்தும் கம்பனியின் பெயரோ டிரிங்கோ ஹொலிடே ரிசோர்ட்ஸ், ஜோன் கீல்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. இலங்கையில் பீட்சா ஹட்டை நடத்துவது காமா பீட்சாகிராஃப்ட் லங்கா. கேஎஃப்சிக்குப் பின்னால் இருப்பது கார்கில்ஸ். சாப்பாடும் கொண்டுவந்து தரும் பிக்மீ செயலியின் கம்பனி டிஜிட்டல் மொபிலிட்டி சொலூஷன்ஸ் லங்கா. அந்தப் பெயரை மட்டும் பார்த்தால் அதற்குள் கொத்து ரொட்டி இருக்கும் என்று ஆருக்காவது தோன்றுமா?

சின்னக் கடைகளில் சிக்கல் இன்னும் சுவாரசியம். முதலாளி முன்பு வைத்திருந்த இரும்புக்கடைப் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கலாம். கடை கைமாறி, பலகை மாறி, மெசின் மட்டும் பழைய பெயரிலேயே ஓடலாம். ஆகவே சந்தேகம் வந்தால் பில்லின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரதேச செயலகம் ஊடாக எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழையும் பார்க்கலாம். அநேகமான கடைகளில் காசாளர் மேசைக்குப் பின்னால், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கும். அடுத்தமுறை சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கும்போது ஒரு கண் அங்கே வையுங்கள்.

● சாப்பிட்டது நிலாவெளியில், கூற்றில் ஊர் ‘கொழும்பு’! கம்பனியின் தலைமை அலுவலகம் கொழும்பில் இருந்து, அந்த முகவரியிலேயே மெசினைப் பதிந்திருந்தால் இப்படி விழும். தெற்குக் கரையில் சீசன் முடிந்ததும் கிழக்குக்கு வந்து கடை போடுகிறவர்கள் மெசினையும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் ஹிக்கடுவையோ உனவட்டுனவோ விழலாம். விதிப்படி பார்த்தால் விற்பனை நடந்த இடம்தான் வர வேண்டும்.

● நாலு இலக்கச் சாதி
ஒவ்வொரு கடைக்கும் அது என்ன வகை வியாபாரம் என்று சொல்லும் நாலு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. 5812 என்றால் உணவகம். 5813 மதுச்சாலை. 5814 துரித உணவு. 5811 விருந்துச் சாப்பாடு செய்து கொடுப்போர். 5411 பலசரக்கு. 7011 தங்குமிடம். காகிதக் கூற்றில் பெரும்பாலும் இது அச்சாவதில்லை. சில செயலிகள் சின்னப் படமாகக் காட்டும். வங்கியிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் ஒரு குடும்பச் சச்சரவுக்கு இடமிருக்கிறது. கடற்கரை ஹோட்டலுக்குள் இருக்கும் சாப்பாட்டறையில் பகல் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தாலும், மெசின் ஹோட்டல் பெயரில் இருந்தால் செயலி அதைத் ‘தங்குமிடம்’ என்று வகைப்படுத்தும். “நாங்கள் ஒரு இடமும் தங்கவில்லையே, நீங்கள் ஆரோடை தங்கினீங்கள்?” என்ற கேள்விக்கு 7011 என்ற இலக்கமே பதில்.

● போயா தினத்தில் மது விற்பனைக்குத் தடை. அப்படியிருக்க, போயா தினத் தேதி போட்டு மதுச்சாலைச் செலவு ஒன்று கூற்றில் இருந்தால்? பதற வேண்டாம். கூற்றில் இரண்டு தேதி உண்டு: அட்டையை வைத்த தேதி, கணக்கில் பதிந்த தேதி. கடைக்காரர் இரவில் மெசினில் ‘செட்டில்மென்ட்’ அழுத்திய பிறகுதான் அன்றைய விற்பனை மொத்தமாக வங்கிக்குப் போகும். அழுத்த மறந்து அடுத்தநாள் அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவில் சனி, ஞாயிறு, போயா விடுமுறை வந்தால் பதிவு இன்னும் பின்னுக்குப் போகும். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு செவ்வாய்க்கிழமை வந்து நிற்பது அதிசயமில்லை.

● கோடையில் ரொறன்ரோ நேரம் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நாலரை மணித்தியாலம் பின்னால். கோணேசர் கோவில் கும்பிட்டுவிட்டு ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தோசை சாப்பிட்டால், கனடா வங்கியின் செயலியில் அது சனிக்கிழமை இரவு பத்தரை மணிச் சாப்பாடு.

● 1,000 ரூபா எப்படி 1,300 ஆனது?
பெயர் தெரிந்த கடைதான், தொகை மட்டும் பொருந்தவில்லை என்றால் உணவுப் பட்டியலின் அடியில் ‘++’ என்ற குறி இருந்ததா என்று யோசியுங்கள். பட்டியல் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் வரும் என்பது அதன் பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். அதற்கு முன்னர் 15. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு 2.5 சதவீதம். மூன்றும் சேரும் இடத்தில், எந்த வரிசையில் கணக்குப் போட்டாலும், 1,000 ரூபாச் சாப்பாடு 1,300ஐத் தாண்டிவிடும். சேவைக் கட்டணத்துக்கு மேல் மேசையில் வைக்கும் சந்தோசம் வேறு.

எல்லாக் கடையும் வற் வரி அறவிட முடியாது. அதற்குப் பதிந்த கடைதான் அறவிடலாம். பதிந்த கடையின் வற் இலக்கம் பில்லில் இருக்க வேண்டும்: ஒன்பது இலக்கம், பிறகு ஒரு கோடு, பிறகு 7000. இலக்கம் இல்லாமல் ‘வற்’ என்று மட்டும் ஒரு வரி இருந்தால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

● “கார்ட் என்றால் மூன்று வீதம் கூட” என்று சொல்லும் கடைகள் உண்டு. வங்கிக்குக் கடைக்காரர் கொடுக்க வேண்டிய கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்பதே மத்திய வங்கியின் நிலைப்பாடு. முறைப்பாட்டை உங்களுக்கு அட்டை தந்த வங்கியிடம் கொடுக்கலாம். கூற்றிலுள்ள தொகை பில்லைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

● ரூபாவா, பவுண்ஸா?
வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களுக்கு இது. லண்டன் அட்டையை வைத்ததும் சில மெசின்கள், “ரூபாவில் எடுக்கவா, பவுண்ஸில் எடுக்கவா?” என்று திரையில் கேட்கும். பவுண்ஸ் தெரிந்த காசு, கணக்குப் பார்க்க லேசு என்று அதை அமத்தி விடுகிறார்கள். அங்கேதான் காசு போகிறது. மெசின் போடும் மாற்று வீதத்துக்குள் லாபம் ஒன்று ஏற்கெனவே ஒளிந்திருக்கும். சாப்பிட்ட நாட்டின் காசிலேயே எடுக்கச் சொல்வதுதான் அநேகமாக எப்போதும் மலிவு.

அட்டை நிறுவனங்களின் விதிப்படி இந்தத் தெரிவு வாடிக்கையாளருடையது. மாற்று வீதம் துண்டில் அச்சாக வேண்டும். கடைக்காரத் தம்பி அவசரத்தில் தானே பவுண்ஸை அமத்திவிட்டார் என்றால் அதையே காரணமாக வைத்து உங்கள் வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம். ரூபாவில் எடுத்த பிறகும் கூற்றில் தனி வரியாக ஒரு சின்னத் தொகை வந்தால், அது உங்கள் நாட்டு வங்கி வெளிநாட்டுச் செலவுக்குப் போடும் கட்டணம். பிரித்தானிய அட்டைகள் பலவற்றில் அது ஏறத்தாழ 3 சதவீதம். இந்தக் கட்டணம் இல்லாத அட்டைகளும் அங்கே உண்டு. பயணத்துக்கு முன் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

● இந்தியாவிலிருந்து கோணேசரைக் கும்பிட வருகிறவர்கள் யுபிஐ மூலமும் சாப்பாட்டுக் காசு கொடுக்கலாம். இலங்கையில் இது 2024 பெப்ரவரி 12 அன்று தொடங்கியது. லங்கா கியூஆர் படத்தைப் போனால் ‘ஸ்கேன்’ பண்ணினால் போதும். ஊரிலுள்ள கணக்கில் இந்திய ரூபாவில் கழியும். இலங்கை ரூபாவில் பில்லைப் பார்த்துவிட்டு இந்திய ரூபாவில் கூற்றைப் பார்த்தால் எந்த வரியும் பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம்.

● துண்டை எறியாதீர்கள்
மெசின் கக்கும் அந்தச் சின்னத் துண்டைக் கசக்கி எறிவதில் நாங்கள் மன்னர்கள். அதைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். மேலே வங்கிச் சின்னம், கீழே மெசினில் பதிந்த கடைப் பெயர். கூற்றில் வரப்போகும் பெயர் அநேகமாக இதுதான், பலகையில் இருப்பது அல்ல. அடுத்து 15 இடம்வரை நீளும் கடை எண்; 8 இடமுள்ள மெசின் எண். பிறகு நட்சத்திரக் குறிகளும் அட்டையின் கடைசி நாலு இலக்கமும்: வீட்டில் மூன்று பேரிடம் அட்டை இருந்தால் ஆர் வைத்தது என்பது இங்கேயே தெரிந்துவிடும், விசாரணை தேவையில்லை. அதற்குக் கீழே, பெரும்பாலும் யாரும் பார்க்காத இடத்தில், 6 எழுத்து அனுமதிக் குறியீடு. வங்கியோடு பேசும்போது கையில் இருக்க வேண்டியது அதுதான். “நிலாவெளியில் ஒரு கடை” என்று தொடங்கினால் நீங்களும் அவரும் களைத்துப் போவீர்கள். குறியீட்டைச் சொன்னால் தேடும் வேலை பாதியாகிவிடும்.

ஒரு விடயம்: அது வெப்பத்தாள். சூட்டில் கறுக்கும், நாள் போக எழுத்து மங்கும். திருகோணமலை வெயிலில் கார் கண்ணாடிக்குக் கீழே இரண்டு நாள் கிடந்த துண்டில் படிக்க ஒன்றும் மிஞ்சாது. மேசையிலிருந்து எழும்பமுன் போனில் ஒரு படம் எடுத்து வைப்பதே வழி. பில் தர மறுக்கும் கடைக்கு ஒரு தகவல்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தேயாக வேண்டும். முறைப்பாட்டுக்குத் தொலைபேசி 1977.

● “லைன் கட்டாயிட்டுது ஐயா, இன்னொருக்கா வைப்பம்.” இந்த வசனத்துக்குப் பிறகு கூற்றில் ஒரே தொகை இரண்டு தரம் தெரியலாம். முதல் முயற்சியை வங்கி அனுமதித்திருக்கும். பதில் மெசினுக்குத் திரும்பி வராமல் போயிருக்கும். அப்படிப்பட்ட முதலாவது வரி பெரும்பாலும் ‘நிலுவை’ என்ற நிலையில் நின்று, சில நாளில் தானாக மறையும். இரண்டுமே கணக்கில் பதிந்துவிட்டால் இரண்டுக்கும் வேறு வேறு அனுமதிக் குறியீடு இருக்கும். அந்த இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

● ஒரு செலவைக் கடைக்காரர் அன்றிரவு கணக்கு மூடுவதற்குள் ரத்துச் செய்தால் வரியே காணாமல் போகும். மூடிய பிறகு என்றால் செலவு வரி அப்படியே நிற்கும். காசு தனி வரியாக, பக்கத்தில் வரவுக் குறியோடு, பல நாள் கழித்து வரும். அடுத்த மாதக் கூற்றிலும் வரலாம்.

● பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் அதற்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்தும் இருந்தால் நடுவில் ஒரு கட்டணச் சேவை நிறுவனம் இருக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டு உறவுகள் அதிகம் காண்பவை: ‘எஸ்கியூ’ என்றால் ஸ்குயர், ‘டிஎஸ்டி’ என்றால் உணவகங்களுக்கென்றே உள்ள டோஸ்ட். கடைப் பெயர் நட்சத்திரத்துக்குப் பிறகுதான் தொடங்கும். மொத்த இடத்தில் முன்னொட்டும் பங்கு கேட்பதால் கடைப் பெயர் இன்னும் குறுகிப்போகும்.

● அட்டை பிறந்ததே சாப்பாட்டு மேசையில்தான். பல கடைகளில் செல்லும் முதல் அட்டை என்று பெயரெடுத்த டைனர்ஸ் கிளப் 1950இல் நியூயோர்க் உணவகங்களுக்காக வந்தது. அட்டைப் பேப்பரில் செய்தது. பிராங்க் மெக்நமாரா சாப்பிட்டு முடித்த பிறகு பணப்பையை மறந்து வந்தது தெரிந்து வெட்கப்பட்டார், அதிலிருந்து யோசனை பிறந்தது என்ற கதை உலகப் பிரசித்தம். அது விளம்பரத்துக்காகச் சோடித்த கதை என்று அந்தக் கம்பனியின் விளம்பர ஆளே பிற்காலத்தில் சொல்லிவிட்டார். நம்மூர்ச் சாப்பாட்டுக்கடைகளின் கணக்குக் கொப்பி அதைவிடப் பழையது. ஒரு வசதி என்னவென்றால், அதில் கடைக்காரரின் கையெழுத்தைப் பார்த்தே எந்தக் கடை என்று சொல்லிவிடலாம்.

● 50 ரூபா, ஒரு டொலர் என்று சில்லறைத் தொகை ஒன்று முன்பின் தெரியாத பெயரில் விழுந்தால் “போனால் போகட்டும்” என்று விடாதீர்கள். களவெடுத்த அட்டை எண் வேலை செய்கிறதா என்று பார்க்கத் திருடர்கள் முதலில் சின்னத் தொகையைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய தொகை பின்னால் வரும். அதேவேளை நீங்களே புதிதாக ஒரு செயலியில் அட்டையைப் பதிந்திருந்தால் அந்தச் செயலியும் ஒரு சில்லறைத் தொகையை எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். முன்தினம் என்ன பதிந்தீர்கள் என்பதை யோசித்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

● உண்மையிலேயே உங்கள் செலவு இல்லையென்றால்
வீட்டில் எல்லோரிடமும் கேட்டாயிற்று, தேதியும் தொகையும் எதோடும் ஒட்டவில்லை. அப்போது கடையைத் தேடிக்கொண்டு அலைவது நேர விரயம். முதலில் அட்டையை முடக்குங்கள், செயலியிலேயே முடியும். அடுத்து வங்கிக்கு அறிவித்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்கி, எழுத்திலும் கொடுங்கள். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் ஆட்சேபத்துக்கு வழக்கமான காலம் 120 நாள். ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கலாம், கூற்றின் பின்பக்கம் எழுதியிருக்கும்.

இலங்கை வங்கிகளில் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. ஆனால் முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும். மற்றவரின் அட்டை விபரத்தை வைத்துக் காசெடுப்பதற்கு இங்கே தனிச் சட்டமே உண்டு: 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம்.

லண்டன்காரருக்கு நிலைமை கொஞ்சம் சாதகம். பிரித்தானியாவின் 2017ஆம் ஆண்டுக் கொடுப்பனவு விதிகளின்படி, அனுமதியில்லாமல் போன காசை வங்கி பொதுவாக அடுத்த வேலைநாள் முடிவதற்குள் திருப்பிப் போட வேண்டும். அறிவிக்க 13 மாதம்வரை அவகாசம். இந்திய அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை: மூன்றாம் ஆள் செய்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்புவரை உங்கள் தலையில் விழும்.

● “உங்கட கார்ட்டில திருகோணமலை ஹோட்டல் ஒன்றில 18,500 ரூபா போயிருக்கு. ரத்துச் செய்யிறதெண்டால் இப்ப வாற ஓடிபியைச் சொல்லுங்கோ.” இப்படி அழைப்பு வந்தால், கூற்றில் இன்னும் எந்தச் செலவும் விழவில்லை, நீங்கள் அந்த ஓடிபியைச் சொல்லும்போதுதான் விழப் போகிறது. ஒரு செலவை ரத்துச் செய்ய எந்த வங்கியும் ஓடிபி கேட்காது. போனை வைத்துவிட்டு, அட்டையின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101க்கும் சொல்லலாம்.